இன்னொரு சுற்று

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? நான் நலம், நான் ஓட்டும் பஸ்ஸும் நலம்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன், பயப்படாதீர்கள். என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்த ஒருவர் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தார். கண்ணாடியில் பார்த்தேன். கோட்டு போட்ட, வாட்டசாட்டமான மனிதர். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியும் அவர் எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு சுத்து வரட்டுமா?" என்றார்.

தலையை மட்டும் ஆட்டிவைத்தேன். திரும்பும்போது, ஏறிய இடத்திலேயே இறங்கினார்.

"ஒண்ணுமே கேக்காம விட்டீங்களே, அதுக்கு ரொம்ப நன்றி."

கேட்கத்தான் நினைத்தேன் அப்பா. அந்த அளவுக்கு இந்த நாட்டுப் பாஷை எனக்கு வரவில்லை, அவ்வளவுதான். நான் செய்தது நல்லதா, கல்மனசா? கூட வேலை பார்ப்பவள், "நீ பண்ணதுதான் சரி" என்கிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

இந்த சீட் நெட்டையான ஆளுக்குச் செய்தது. முதுகுக்கு ஒரு சின்னத் தலையணை அனுப்புங்கள். போனில், "வேலையா இருப்பே" என்று சட்டென்று வைத்துவிடாதீர்கள். எதையாவது கேளுங்கள். சாப்பிட்டாயா என்றாவது.

வண்டி எடுக்கக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகள்