உன் கொய்யா இலைத் தேத்தண்ணி

போன சனிக்கிழமை ஹட்டன் டவுனுக்குப் போயிருந்தேன். எல்லாரும் நாநா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரரிடம் சீனியும் பருப்பும் வாங்கிக்கொண்டு நின்றபோது அவர் ஒரு மினுங்கும் பாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“புதுசா வந்திருக்கு தங்கச்சி, மோந்து பாருங்க.”

பிரித்து மூக்கருகே வைத்தேன். கொய்யா இலை. காய்ந்து, பொடிந்து, பழைய வைக்கோல் மாதிரி ஆகியிருந்தது. ஆனாலும் அடியில் எங்கோ அந்த வாசம் மிச்சமிருந்தது. மழையில் நனைந்த பச்சையும் லேசான துவர்ப்பும் விறகுப் புகையும் சேர்ந்த உன் அடுப்படி வாசம். கடையில் நின்றபடியே கண் கலங்கிவிட்டது. “என்ன, பழசாகிருச்சா?” என்று நாநா பதறினார். “இல்ல நாநா, இத எனக்கு நல்லாத் தெரியும்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வட்டவளை பஸ்ஸில் உட்கார்ந்ததிலிருந்து மனம் உன்னோடு பேசிக்கொண்டே வந்தது. பேசியது போதாமல் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். “பத்தாம் வகுப்பு வரைக்கும் படிச்ச மகாராணி” என்று கொழுந்துக் கூடையோடு போகும்போதெல்லாம் என்னைக் கேலி செய்வாயே, அந்தப் படிப்பு இதற்காவது உதவட்டும்.

உனக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். லயத்து வரிசையில் என் ஒற்றை அறைக் காம்பராவுக்கு அடுத்தது உன்னுடையது. உன் வீட்டில் பானை மூடி நகர்ந்தால் எனக்குக் கேட்கும். என் வீட்டில் சண்டை நடந்தால் நீ சுவரைத் தட்டுவாய். லயத்துக்குப் பின்னால், கழிவுநீர் ஓடும் கானுக்கு அந்தப் பக்கம், யாரும் நடாமல் தானாக முளைத்த கொய்யா மரம் நின்றது. பிள்ளைகள் காயைப் பிடுங்குவார்கள், அவ்வளவுதான். அதன் இலையை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை, உன்னை அன்று அவமானப்படுத்தும் வரைக்கும்.

அப்போது நீ ஸ்டோரில், தேயிலை வாட்டி அரைக்கும் அந்தத் தகரக் கட்டடத்தில், தூள் சலிக்கிற வேலை பார்த்தாய். வேலை முடிந்து வெளியே வரும்போது வாசலில் சோதனை நடக்கும். அன்றைக்கு உன் சேலை மடிப்பை உதறச் சொல்லியிருக்கிறார்கள். உதறியபோது கொஞ்சம் தூள் கொட்டியது. அங்கே நின்ற பெரிய ஆள் ஒருவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உன்னைத் திருடி என்றார்.

நீ தலையைக் குனியவில்லை. “நாள் பூராவும் தூளுக்குள்ள நின்னா மடிப்புல தூளு ஒட்டாம தங்கமாங்க ஒட்டும்?” என்று கேட்டாய். அந்தக் கேள்விக்காகவே உன்னை ஸ்டோரிலிருந்து எடுத்து மலைக்கு, கொழுந்து பறிக்க அனுப்பினார்கள். மழையிலும் அட்டைக்கடியிலும் நீ அடங்கிவிடுவாய் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

அன்று சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்து செய்த முதல் வேலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தோட்டத்தில் கொடுத்த தேயிலைத் தூள் இருந்த டின்னை எடுத்து வந்து, இஸ்தோப்புத் திண்ணையில் நின்றபடி, மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த கானுக்குள் தலைகீழாகக் கவிழ்த்தாய். கறுப்பாகக் கரைந்து ஓடியது.

“இனிமே இந்தத் தோட்டத்துத் தூளு என் தொண்டைக்குள்ள எறங்காதுடி.”

“அப்ப விடிஞ்சா என்னத்தக் குடிச்சிட்டுப் பெரட்டுக்குப் போவ?” என்றேன் நான். விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அந்தப் பெரட்டில், வெறும் சாயத்தண்ணிகூட இல்லாமல் நம் ஆட்களுக்குக் கை கால் அசையுமா?

நீ சுற்றுமுற்றும் பார்த்தாய். உன் கண் அந்த மரத்தில் போய் நின்றது. “அந்தா நிக்குதே!”

முதல் தடவை நீ காய்ச்சியதை வாயில் வைக்க முடியவில்லை. முற்றிய இலையாகப் பறித்து, கொதிக்கக் கொதிக்க விட்டு, கஷாயமாக்கிவிட்டாய். நான் துப்பினேன். நீ முகத்தைக்கூடச் சுளிக்காமல் குடித்து முடித்தாய். உன் வீம்பு அப்படி. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. தேயிலையில் கொழுந்தைப் பறிக்கப் பழகிய கை, கொய்யாவில் கொழுந்தை விட்டுவிட்டு அதற்குக் கீழே உள்ள இலையைக் கிள்ளப் பழகியது. “கொழுந்த விட்டுரு, அது மரத்துக்கு” என்பாய். நன்றாகக் கழுவி, உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை கசக்குவாய். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பிலிருந்து இறக்கி, அதற்குப் பிறகுதான் இலையைப் போட்டு மூடுவாய். தட்டிய இஞ்சி ஒரு துண்டு. கடித்துக் குடிக்கக் கித்துள் கருப்பட்டி. மூடியைத் திறந்தால் தேன் நிறத்தில் இருக்கும். கொஞ்சம் ஆறவிட்டால் சிவக்கும்.

லயமே சிரித்தது. “ஆடு திங்கிற எலைய அவ குடிக்கிறா” என்று கங்காணி கூடச் சொன்னார். சிரித்தவர்கள்தான் ஒவ்வொருவராகக் கிளாஸோடு உன் இஸ்தோப்புக்கு வந்தார்கள். நீ யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை.

அதற்குப் பல வருஷம் கழித்துத்தான் பழைய துரை பங்களா ஹோட்டலாக மாறியது. புல்தரைக்குப் பக்கத்திலிருக்கும் தேயிலைச் செடிகளில், வருகிறவர்கள் பார்க்கும்படி கொழுந்து பறித்துக் காட்டவும், பிறகு வராந்தாவில் அவர்களுக்குத் தேநீர் ஊற்றவும் நம் மலையிலிருந்து நான்கு பெண்களைக் கேட்டார்கள். நீயும் நானும் போனோம். ஆளுக்கொரு சிவப்புச் சேலை. அட்டை இல்லை, சரிவு இல்லை, கூடையில் பாரம் இல்லை. ஹோட்டல் மேனேஜர் கொழும்புக்காரர், தமிழர். “சிரிச்ச முகமா நில்லுங்கம்மா, அது போதும்” என்பார். நான் சிரித்தேன். நீ உதட்டைக்கூட அசைக்கவில்லை. ஆனாலும் உன்னைத்தான் எல்லாரும் படம் பிடித்தார்கள்.

ஒரு நாள் நரைத்த முடியோடு ஒரு வெள்ளைக்கார அம்மா, நீ ஊற்றிய தேநீரைக் குடித்துவிட்டு உன்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நீ வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் ஆங்கிலத்தில் நீளமாகப் பதில் சொன்னார். அந்த அம்மா சந்தோஷமாகத் தலையாட்டினார்.

“என்னங்க கேட்டாங்க?” என்றாய்.

“ஒண்ணுமில்லம்மா. சும்மா.”

“என்னையப் பாத்துத்தானே கேட்டாங்க? என்னன்னு சொல்லுங்க.”

அவர் கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார். “இந்த டீயத்தான் வீட்டிலயும் குடிக்கிறீங்களான்னு கேட்டாங்க. ஆமா, தினமும் குடிக்கிறாங்கன்னு சொன்னேன். விடுங்கம்மா.”

நீ விட்டாயா? லயத்து வாசலுக்கு வந்ததும் நின்றாய். “எனக்குப் பதிலா அவரு பொய் சொல்றாரு புள்ள. என் வாய் என்ன வாடகைக்கா போயிருக்கு?” என்றாய்.

மறுநாள் ஒரு பிளாஸ்க் நிறையக் காய்ச்சிக் கொண்டுவந்தாய். அந்த அம்மா வராந்தாவில் வந்து உட்கார்ந்ததும், ஹோட்டல் கேத்தலைத் தொடாமல், பிளாஸ்கைத் திறந்து அவருடைய கோப்பையில் ஊற்றினாய். வாசம் வராந்தா முழுக்கப் பரவியது. மேனேஜர் ஓடி வந்தார்.

“என்னம்மா இது?”

“நேத்து கேட்டதுக்கு இன்னைக்குப் பதில் சொல்றேன். இதத்தான் நாங்க வீட்டுல குடிக்கிறோம்னு சொல்லுங்க. நாங்க பறிக்கிற நல்ல தேயில எங்க வீட்டுக்கு வாறதில்ல. கூட்டித் தள்ளுற தூசிதான் வருதுன்னும் சொல்லுங்க. கூட்டாமக் கொறைக்காமச் சொல்லுங்க ஐயா.”

அவர் சொல்லவில்லை. ஆனால் பக்கத்து மேசையில் கண்டியிலிருந்து வந்து உட்கார்ந்திருந்த ஒரு டாக்டரம்மா, இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், எழுந்து வந்து அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். அந்த வெள்ளைக்கார அம்மா கோப்பையைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், முழுவதையும் குடித்தார். பிறகு கோப்பையை மறுபடி உன் பக்கம் நீட்டினார். அன்றைக்குத்தான் அந்த வராந்தாவில் நீ சிரித்தாய்.

விருந்தாளிகள் போனதும் மேனேஜர் உன்னைக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்டால் நாளைக்கும் வரலாம் என்றார். “நா என்ன வெஷத்தையா ஊத்துனேன்?” என்றாய். அடுத்த நாள் காலையில் துவைத்து மடித்த உன் சிவப்புச் சேலையைப் பங்களாப் படியில் வைத்தாய். அதன் மேல் நான் என்னுடையதை வைத்தேன். மற்ற இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர்களும் வைத்தார்கள். நால்வரும் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மழையில் மலை ஏறினோம். “சொகத்த விட்டுட்டு வாறீங்களே” என்று கங்காணி சிரித்தார். சுகம்தான், நான் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று ஏறிய மாதிரி அந்தச் சரிவை நான் அதற்கு முன் ஏறியதில்லை.

அடுத்த கூத்து அதைவிடப் பெரியது. கொழும்பில் வேலை செய்யும் என் மகள் ஹோட்டலின் பேஸ்புக்கில் பார்த்த ஒரு படத்தைப் போனில் அனுப்பினாள். ஹோட்டல் வாசலில் ஒரு பெரிய பலகை. அதில் உன் முகம். பக்கத்தில் “மலைநாட்டு மூலிகைத் தேநீர், கொய்யா இலை” என்று எழுதியிருந்தது. உன்னிடம் காட்டினேன். போனைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாய். எனக்கென்னவோ நீ உள்ளுக்குள் கொஞ்சம் மகிழ்வாய் என்றுதான் தோன்றியது. நீயோ வேலை முடிந்த கையோடு, படங்கைக்கூட அவிழ்க்காமல், காலில் அட்டை கடித்த ரத்தம் வடிய நேராகப் பங்களாவுக்கு நடந்தாய். நான் பின்னாலேயே ஓடி வந்தேன். நீ போய் முன்வாசல் படியில், அந்தப் பலகைக்குக் கீழேயே உட்கார்ந்தாய். வருகிறவர்கள் எல்லாம் பலகையையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

மேனேஜர் வெளியே வந்தார். “ஏம்மா, இது உங்களுக்குப் பெருமைதானே?”

“கேட்டுட்டுப் போட்டிருந்தா பெரும. கேக்காமப் போட்டா அதுக்கு வேற பேரு. சேல மடிப்புல ஒட்டுன தூளுக்கு என்னையத் திருடின்னாங்க. என் மொகத்தையே எடுத்து மாட்டியிருக்கீங்களே, உங்கள என்னன்னு கூப்பிடறது?”

நீ குரலைத் தாழ்த்தினாய். “கொய்யா எலைய வித்துக்கங்க. மரம் எல்லாருக்கும் பொதுதான். என் மொகத்த மட்டும் குடுங்க.”

இருட்டுவதற்குள் பலகையைக் கழற்றினார்கள். நீ அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு லயத்துக்கு வந்தாய். படத்தைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிக் கோழிக்கூட்டுக்குக் கூரை போட்டாய். “என் மூஞ்சியப் பாத்தாவது ஒழுங்கா முட்ட போடட்டும்” என்றாய். லயமே விழுந்து விழுந்து சிரித்தது. இந்தத் தடவை உன்னோடு சேர்ந்து.

நீ நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரிக்குப் போனது நீண்ட மழைக்கு நடுவில். இரண்டு நாளில் வந்துவிடுவேன் என்றாய். மாலையில் பார்க்க வந்தபோது, ஆஸ்பத்திரித் தேத்தண்ணி கட்டிலுக்குப் பக்கத்தில் ஆடை படிந்து தொடப்படாமல் இருந்தது. நான் கொண்டுவந்த பிளாஸ்கைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தாய். பாதி கிளாஸ் குடித்தாய். “இஞ்சி ஜாஸ்தி” என்றாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது. அடுத்த முறை சரியாகப் போட்டுக் காட்ட நீ எனக்கு நேரம் கொடுக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சாவு வீட்டுக்குத் தோட்டத்திலிருந்து சீனியும் தேயிலையும் வந்தன. வழக்கம்தான். இந்தத் தடவை தூசி இல்லை, நல்ல தேயிலையே அனுப்பியிருந்தார்கள். நான் சீனியை எடுத்துக்கொண்டு தேயிலையைத் திருப்பிக் கொடுத்தேன். கங்காணிக்கு முகம் மாறிவிட்டது.

“சாவு வீட்டுக்கு வந்தத திருப்பலாமா? தொரை என்ன நெனப்பாரு?”

“அவ வீட்டுல அவ குடிக்காதது கொதிக்காதுங்க. தொரைகிட்ட அப்படியே சொல்லுங்க.”

பெண்கள் லயத்துக்குப் பின்னால் கொய்யா மரத்துக்குப் போனார்கள். கொழுந்தை விட்டு, கீழ் இலையைக் கிள்ளி, மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். கோயில் அண்டாவில் காய்ச்சினோம். நோர்வூட்டிலிருந்து வந்த உன் தம்பி குடித்தான், தப்பு மேளம் அடித்தவர்கள் குடித்தார்கள். கடைசியில் கங்காணியும் ஒரு கிளாஸ் கேட்டு வாங்கினார். நீ ஊற்றியிருந்தால் எப்படி ஊற்றுவாயோ அப்படி, நிறைய ஊற்றிக் கொடுத்தேன்.

இதையெல்லாம் உனக்கே ஏன் சொல்கிறேன் என்றால், நேற்றுக் காலை லயத்துக்குப் பின்னால் ஆட்கள் வந்து டேப் பிடித்து அளந்தார்கள். ஹோட்டலுக்கு வரும் வேன்கள் நிறுத்த இடம் வேண்டுமாம். மரம், காய்கறிப் பாத்தி, கோழிக்கூடு எல்லாம் அந்த அளவுக்குள் வருகிறது. முன்பென்றால் நான் இஸ்தோப்பில் நின்று பார்த்திருப்பேன். நேற்று என் கால் தானாக நடந்தது. டேப்பின் நடுவில் போய் நின்றேன்.

“யாரக் கேட்டீங்க?”

“மேலருந்து சொன்னாங்கம்மா” என்றார் அளந்தவர்.

“மேல இருக்கவங்க யாரக் கேட்டாங்க?”

பாவம், அவரும் கூலிக்கு வந்தவர். அதற்குள் ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் பெண்கள் வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார்கள். அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு, நாளைக்குப் பெரியவர்களோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்ன ‘நாளைக்கு’ இன்றைக்குத்தான். விடிந்துகொண்டிருக்கிறது. பெரட்டுக்கு யாரும் போகவில்லை. எல்லாரும் பின்பக்கம் கூடிவிட்டார்கள், என்னைக் கூப்பிடுகிறார்கள். அந்தக் கேள்வியை உன் குரலில்தான் கேட்கப்போகிறேன். அவர்களுக்குப் புரிகிற மாதிரி பதில் வருகிற வரைக்கும் நாங்கள் நகர மாட்டோம்.