இஸ்திரிப்பெட்டிக்கு ஒரு பனியன்

நௌஃபல்,

லப்லாபி, அதான் கொண்டைக்கடலை சூப்பு, அடுப்புல இருக்கு. ஹரிஸ்ஸா மிளகாய் விழுத அள்ளிப் போட்டுக்காத, நேத்தே வயிறு எரியுதுன்ன.

என் குட்டி விமானத்தோட இறக்கை கண்ணாடி மாதிரி வந்திருக்கு! ஒரு கீறல் இல்ல! சந்தோஷத்துல எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்கோ.

இறக்கைக்குப் பளபளத் தாள் ஒட்டற இஸ்திரிப்பெட்டிய, உதவி பண்றேன்னு, அடியில ஒட்டின பசை போகக் கத்தியால சுரண்டினியே மகராசா! அடியெல்லாம் கோடு. சூட்டோட துணியால துடைக்கணும்னு எத்தன தடவ சொன்னேன்? இப்ப தாள்ல கீறல் விழாம இருக்க அதுக்குப் பருத்தி உறை தைச்சு மாட்டிட்டேன். கோபம் போயிடுச்சு.

நாலு மணிக்கு உப்பளத்துத் திடலுக்கு வா, பறக்க விடறேன். கிளம்பறப்ப சாவியப் பூந்தொட்டிக்கு அடியில வச்சுடு.

ரஃபீக்கா

பி.கு: மேட்சுக்குப் போடற உன் ராசிப் பனியன் அலமாரில இருக்கு. முன்பக்கம் மட்டும். பின்பக்கம் இஸ்திரிப்பெட்டிக்கு ராசியா அமைஞ்சுடுச்சு.