ஆறு வயதுக் கால்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அவள் குறையவில்லை என்பாள். நான் மாடியில் என்ன செய்கிறேன் என்று பார்க்க அவள் ஏறிவரும் வேகத்தை வைத்துச் சொல்கிறேன். மாப்பிள்ளையும் என் பேத்தி வாலுவும் சுகம்தானே? மூன்று வாரமாக நீ போனை எடுக்கவில்லை. கடிதம் எழுதச் சொன்னது அம்மாதான். "கடிதத்தை நடுவுல கட் பண்ண முடியாது பாருங்க" என்றாள்.

விஷயத்துக்கு வருகிறேன். செங்கல்லை மூடிவிட்டோம். போன வியாழக்கிழமை.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு எழுத வரும். முப்பது வருடமாகப் பலகைக்கு எழுதிய கை. இடிந்த நகரத்தைப் பார்க்க வருகிறவர்கள் எங்கே நிற்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்து எழுதிவைப்பது என் வேலை. ஒரு பலகைக்கு அறுபது சொல். ஒருவர் அதன் முன் நிற்பது சராசரியாக எட்டு நொடி. அதற்குள் அவர் மனதில் ஒன்றையாவது ஏற்றிவிட வேண்டும்.

அந்த நகரத்தில் கோட்டைச் சுவர் இருக்கிறது, பெரிய குளம் இருக்கிறது, கழிவுநீர்க் கால்வாய் இருக்கிறது. கால்வாய்க்கு நான் எழுதிய பலகையை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. தெற்குத் தெருவில் நான்காம் வரிசைச் செங்கல்லுக்கு எழுதியதை மட்டும் எல்லோரும் படித்தார்கள். "ஈரம் காயாத செங்கல்லின் மேல் ஆறு வயதுக் குழந்தை ஒன்று ஓடியிருக்கிறது. யாராவது திட்டியிருப்பார்கள்." அவ்வளவுதான். வண்டி ஓட்டுநர்கள் நகரத்தின் பெயரையே விட்டுவிட்டு "கால் செங்கல் போகணுமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

படித்தவர்கள் எல்லோரும் குனிந்து, அந்தப் பெருவிரல் பள்ளத்தில் விரலை வைத்தார்கள். "தொடாதீர்கள்" என்று இன்னொரு பலகை வைத்தேன். அதுவரை கவனிக்காமல் போனவர்களும் எதைத் தொடக்கூடாது என்று தேடிவந்து தொட்டார்கள். கயிறு கட்டினோம், தூக்கிவிட்டு நுழைந்தார்கள். கண்ணாடி போட்டோம், உள்ளே வியர்த்துப் பாசி பிடித்தது. கடைசியாக, "ஒரே ஒரு தடவைதானே என்று நினைப்பவர் நீங்கள் மட்டும் அல்ல" என்று எழுதினேன். எனக்கே பிடித்த வரி. அதற்கும் பலன் இல்லை.

பாதுகாப்புப் பிரிவுக்குப் புதிதாக ஓர் அம்மா வந்திருக்கிறார். நாங்கள் வைத்த பெயர் மில்லிமீட்டர். தோண்டியெடுத்த வருடம் பெருவிரல் பள்ளம் பதினான்கு மில்லிமீட்டர். இப்போது ஐந்து. சுண்டுவிரல் இருந்த இடமே தெரியவில்லை. மழைக்கு முன் சலித்த மணலைப் போட்டு மூடிவிட வேண்டும் என்றார். என்றைக்கு என்பதை என் கையில் விட்டார்கள்.

அப்போதுதான் நீ கேட்டாய். இரண்டு மாதத்தில் வருகிறோம், வாலுவுக்கு இப்போது சரியாக ஆறு வயது, அவள் காலையும் வைத்துப் பார்த்துவிடலாம், அதுவரை விட்டுவையுங்கள் என்று. நீ கேட்டதில் தப்பு இல்லை. மேலாளரும் "உங்க பொண்ணு வர்ற வரைக்கும் விட்டுடலாமே சார், யாரு கேக்கப்போறா?" என்றார். யாரும் கேட்கமாட்டார்கள்தான். ஆனால் அந்த இரண்டு மாதமும் விடுமுறைக் காலம். ஒரு நாளைக்கு எண்ணூறு பேர், எண்ணூறு விரல். முடியாது என்று உன்னிடம் சொன்னேன். நீ போனை வைத்துவிட்டாய்.

செங்கல்லை மூடுவது பற்றிப் பேசிய அலுவலகக் கூட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. நுழைவாயிலில் குழந்தைகள் கால் வைத்துப் பார்க்க ஒரு மாதிரிச் செங்கல் செய்யலாம் என்றார் மில்லிமீட்டர். தேய்ந்ததிலிருந்து அச்செடுத்தால் தேய்ந்த கால்தான் வரும். "ஆறு வயசுன்னு எழுதியிருக்கீங்களே, அந்த அளவு எங்க இருக்கு?" என்று கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.

உனக்கு நினைவிருக்கிறதா? உனக்கு ஆறு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அகழாய்வுக் குழியில் ஆள் இல்லை. உன் காலைக் கழுவி, துடைத்து, நான்தான் உன்னைத் தூக்கி அதில் நிறுத்தினேன். சில்லென்று இருக்கிறது என்று சிரித்தாய். சரியாகப் பொருந்தியது. பிறகு உன் காலை ஒரு தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்தேன். ஆறு வயது என்று நான் எழுதியதற்கு அதைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. முதலில் "சிறுமி" என்றுகூட எழுதினேன். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று அகழாய்வுக்காரர் கேட்டதும் "குழந்தை" என்று மாற்றிக்கொண்டேன்.

ஆக, தோண்டியெடுத்த பிறகு அந்தச் செங்கல்லில் முதலில் கால் வைத்தவள் நீ. வைக்க விட்டவன் நான். வேலியே பயிரை மேய்ந்த கதை. எண்ணூறு பேரைத் தடுக்கப் பலகை மேல் பலகை எழுதிக்கொண்டிருந்தபோதெல்லாம் எனக்கு இது உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

தாள் இன்னும் இருக்கிறதா, அதை வைத்தே மாதிரி செய்துவிடலாம் என்றார் அந்த அம்மா. தரமாட்டேன் என்றேன். அது என் மகளின் கால், பழங்காலத்துக் குழந்தையுடையது என்று ஊரை ஏமாற்றக்கூடாது என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதும், "ஊரை ஏமாத்தக்கூடாதா? உங்களுக்குக் குடுக்க மனசு வரல, அதைச் சொல்லுங்க" என்றாள். அவளிடம் என் அறுபது சொல் எடுபடாது.

வியாழக்கிழமை காலை மூடினோம். முதலில் துணி, அதன்மேல் ஒரு முழத்துக்கு மணல், பிறகு மண். கடைசியில் அதன்மேல் ஆட்கள் நடக்க மரப்பலகை. முக்கால் மணி நேர வேலை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பழைய பலகையைக் கழற்றிவிட்டேன். புதிதாக என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. "இங்கே ஒன்று பத்திரமாக இருக்கிறது" என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன். தோண்டிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

இத்துடன் அந்தத் தாளை வைத்திருக்கிறேன். மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, பார்த்துப் பிரி. வாலுவின் காலை அதில் வைத்துப் பார். எத்தனை தடவை வேண்டுமானாலும் வைக்கட்டும், அழுத்தி வைக்கட்டும். நான் பலகை எதுவும் வைக்கமாட்டேன். பொருந்துகிறதா என்று ஒரு வரி எழுது. போனில் சொன்னாலும் சரி.

இங்கே வந்தால் காட்ட இனி என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் வாருங்கள். நீயும் உன் குடும்பமும் நூறாண்டு நலமாக இருக்க வேண்டும்.

என்றும் உன்
அப்பா