செடிக்குப் பக்கத்தில் ஒரு விரல்

மகளுக்கு,

நீ அனுப்பிய மலைச்செடிப் படங்களைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட உனக்குத் தோன்றவில்லை. செடிக்குப் பெயர் சொல்ல மட்டும் அப்பா வேண்டும்.

எல்லோரையும் போல நீயும் பூவை மட்டும் மேலிருந்து எடுத்திருக்கிறாய். இலையும் தண்டும் தெரியவில்லை. அளவுக்காகப் பக்கத்தில் வைத்திருக்கும் விரல் உன் வீட்டுக்காரருடையதாக இருக்கும். பூவைத் தொடாமல், நிழல் விழாமல் வைத்திருக்கிறார். குறை சொல்லத் தேடினேன், கிடைக்கவில்லை.

“செடிகிட்ட காட்டுற பொறுமைய பொண்ணுகிட்ட காட்டினா என்னவாம்?” என்று என்னைக் கேட்டாள் உன் அம்மா.

இலையைக் கசக்கி முகர்ந்தால்தான் எந்த வகை என்று உறுதியாகும். நீ முகர்ந்து எழுதினால் எனக்கு நம்பிக்கை வராது. செடியைப் பிடுங்கிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை காலைப் பேருந்தில் நாங்கள் இருவரும் வருகிறோம். மலைக்குக் கூட்டிப்போக அவரும் வரட்டும்.

அப்பா