கத்தும் பிரேக், தேங்காய் எண்ணெய்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. மூடிய தங்கச் சுரங்கத்தின் கழிவு குவிந்த சைனைடு மேட்டுப் புழுதி சோற்றில், புத்தகத்தில், காரில். பிரேக் பிடித்தால் கீச்சென்று அலறல். வேகத்தடை ஏறி இறங்கினால் முன்சக்கரப் பக்கம் 'டொக்'.

வியாழன் மனைவி சரோஜாவை பெங்களூர் கொண்டுபோக வேண்டும். வாரம் ஒன்று, இது மூன்றாவது கீமோ. ஒவ்வொரு டொக்கும் அவள் முதுகில் விழுகிறது. கதவுப் பிடியை இறுக்குவாள்.

தெருக்காரர்கள் காரைச் சுற்றி நின்று ஆளுக்கொரு நோய் கண்டுபிடித்தார்கள். சரோஜாவுக்கு வெறும் வாயு என்று முன்பு சொன்ன அதே நிபுணர்கள். எதிர்வீட்டு முனுசாமி, சுரங்கம் மூடும்வரை கூண்டு இழுக்கும் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டவர், தீர்ப்பு: "கத்துற சாமானெல்லாம் எண்ணெ கேக்குது சார்."

மார்ச் 5, புதன்

ஆண்டர்சன்பேட்டை. மெக்கானிக் நவாஸ். டொக்குக்குக் காரணம் ஸ்டெபிலைசர் லிங்க் என்ற இணைப்புக் கம்பி தேய்ந்தது. மாற்றினார். டொக் போயிற்று. கீச்சுக்குக் காரணம் புழுதி. கழற்றித் துடைத்தார். பாதி குறைந்தது.

"மீதிய வுட்டுடுங்க சார், பிரேக் பேடு தடிமனாதான் கீது. காத்து அடிச்சா தண்ணி வுட்டுக் கழுவுங்க, போதும்."

வீட்டு வாசலில் நிறுத்தும்போது மீதிக் கீச்சு. உள்ளே அப்போதுதான் கண் அயர்ந்த சரோஜா எழுந்துவிட்டாள். எதிர்வீட்டு வாசலில் முனுசாமி. தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார்.

மார்ச் 6, வியாழன்

விடியலில் கிளம்பினோம். சத்தமே இல்லை. நவாஸை மனதுக்குள் வாழ்த்தினேன்.

ரயில்வே கேட் இறக்கம். கேட் மூடியிருந்தது. பிரேக்கை மிதித்தேன். கார் போய்க்கொண்டே இருந்தது. ஹேண்ட்பிரேக். கேட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. ரயில் போயிற்று.

பின்சீட்டிலிருந்து சரோஜா: "சத்தம் நின்னுடுச்சு. கார்தான் நிக்கல."

காரை நவாஸிடம் இழுத்துப்போகச் சொல்லிவிட்டு, வாடகைக் காரில் பெங்களூர். கீமோ தாமதமாக, ஆனால் நடந்தது.

மாலை நவாஸ் போனில்: "யாரு சார் பிரேக் டிஸ்க்ல தேங்கா எண்ணெ வுட்டது? கம்முனு வாசன வருது! கொலகாரன் வேல சார் இது. ரெண்டு பக்கமும் பேடு புச்சா போடணும்."

மார்ச் 8, சனி

முனுசாமி தானாகவே வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"நான்தான் சார். ராத்திரி வீல் ஓட்ட வழியா வுட்டேன். தங்கச்சி தூங்கட்டும்னு."

உராய்வு குறித்து ஒரு சிறு உரை தயாரித்து வைத்திருந்தேன். அவர் 'தங்கச்சி' என்றதும் பாதி மறந்தது. மீதியைச் சொல்ல சரோஜா விடவில்லை. "அண்ணா, வர்ற வியாழக்கெழம எங்ககூட வாங்க. இவரு தனியா ஓட்டுறாரு."

மார்ச் 13, வியாழன்

புதிய பேடு. பழகும்வரை கொஞ்சம் கத்தும், திடீரென்று அழுத்தாமல் மெல்ல மிதிக்கச் சொல்லியிருக்கிறார் நவாஸ். கத்தியது. முன்சீட்டில் முனுசாமி ஒவ்வொரு கீச்சுக்கும் கண்ணை மூடிக்கொண்டார். எண்ணெய் என்ற சொல்லை எடுக்கவில்லை.

திரும்பும் வழி. பங்காருபேட்டைக்கு முன் வேகத்தடை. கீச், இதுவரை இல்லாத அளவு. பின்னால் சரோஜா அசையவில்லை.

ஓரம் கட்டினேன். திரும்பிப் பார்த்தேன். முனுசாமியும் திரும்பினார். அவள் மூச்சில் போர்வை ஏறி இறங்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னா சார், நிறுத்திட்டீங்க?" முனுசாமி, குரலைத் தாழ்த்தி.

"மாடு" என்றேன்.

ரோட்டில் மாடு இல்லை. "ஆமா சார், மாடு" என்றார்.

மெல்ல எடுத்தேன்.