கார் கிளம்பாமல் இருக்கட்டும்

திருச்சிராப்பள்ளி, பெரிய கடைவீதி
28-11-1938

அன்பு மகன் பரக்கத் அலிக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். பினாங்கில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். இங்கே அல்லாஹ் ஒரு குறையும் வைக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை, கை வரமாட்டேன் என்கிறது. பெருநாள் நல்லபடியாக முடிந்தது. உன் தங்கை ஆபிதா மாப்பிள்ளையோடு வந்து இருந்துவிட்டு வையம்பட்டிக்குத் திரும்பிவிட்டாள், அவள் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதை எழுதி என்ன ஆகப்போகிறது.

இப்போது வீட்டில் விடிந்தால் அடைந்தால் காரைப் பற்றித்தான் பேச்சு. ஸ்டேஷனில் இறங்குகிறவர்களை ஸ்ரீரங்கம் கோயிலுக்கு உன் அத்தா ஏற்றிப்போகிற நம் வாடகைக் கார் சாயங்காலம் ஷெட்டில் விடும்போது நன்றாகத்தான் இருக்கிறது, காலையில் போய்ப் பார்த்தால் பேட்டரி செத்துக் கிடக்கிறது. ஹேண்டில் போட்டுச் சுற்றினாலும் முனகுவதோடு சரி. பக்கத்து ஜவுளிக்கடை ஆட்கள் தள்ளித் தள்ளி அலுத்துப்போய், இப்போது உன் அத்தா தலையைக் கண்டாலே உள்ளே போய்விடுகிறார்கள். பேட்டரியைக் கழற்றுவதும் சார்ஜ் போடக் கொடுப்பதும் மறுபடி மாட்டுவதுமாக இந்த மழைக்காலம் முழுக்கப் போய்விட்டது.

மெக்கானிக் சவரிராயன் வந்து ஒவ்வொரு ஒயராகப் பார்த்தார். வண்டியில ஒரு கோளாறும் இல்லைங்க ராவுத்தரே, நிறுத்தினப்புறம் எதுவோ கரண்டைக் குடிக்குது என்றார். கண்டுபிடிக்க ஒரு வழியும் காட்டினார். வண்டியை நிறுத்தியதும் பேட்டரியிலிருந்து ஒரு ஒயரைக் கழற்றி, கழற்றிய இடத்திலேயே லேசாகத் தொட வேண்டும். பொறி பறந்தால் எங்கேயோ கரண்ட் போகிறது என்று அர்த்தமாம், பறக்காவிட்டால் பயமில்லையாம். உன் அத்தாவும் தினம் அதைச் செய்துவிட்டு, பொறியே காணோம், விளக்கெல்லாம் அணைஞ்சுதான் இருக்கு என்று சொல்லிக்கொண்டு வருவார். காலையில் பழைய கதைதான். எலி கடிக்கிறது என்றார். அப்புறம் வண்டி கழுவுகிற பிச்சமுத்து மேல் பாய்ந்தார், ஆளில்லாத நேரத்தில் அவன் விளக்கைப் போட்டுக்கொண்டு சொகுசாக உள்ளே உட்கார்ந்திருக்கிறான் என்று வாய்க்கு வந்தபடி பேசி, வேலையை விட்டே நிறுத்திவிட்டார். எனக்கு வீடு வாசல் இல்லீங்களா மொதலாளி, நான் எதுக்கு அங்க வந்து உக்காரப்போறேன் என்று அவன் கேட்டுவிட்டுப் போனது இன்னும் என் காதிலேயே நிற்கிறது.

நோன்பு பிறப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேத்தண்ணீர் எடுத்துக்கொண்டு நானே ஷெட்டுக்குப் போனேன். அவர் ஒயரைக் கழற்றித் தொட்டார். பளிச்சென்று ஒரு பொறி பறந்தது, நான் நின்ற இடத்துக்கே நன்றாகத் தெரிந்தது. அவர் நிமிர்ந்து, பார்த்தியா சாரா, ஒண்ணுமில்லை என்றார். ஒயரை மாட்டிவிட்டு வண்டியைச் சுற்றி வந்தார். பின்பக்கத்துச் சின்ன சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஸ்விட்சை முழுக்கத் திருகாமல் பாதியில் விட்டிருக்கிறார். அந்த விளக்குக்கு நேராகக் குனிந்து பார்த்துவிட்டு, எல்லாம் அணைஞ்சிருக்கு, போகலாம் என்றார். உன் அத்தாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது, மகனே.

டாக்டரிடம் காட்டலாம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு என்ன கேடு, உன் வேலையைப் பாரு என்று எரிந்து விழுந்தார், அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை. தெப்பக்குளத்துப் பக்கம் மாட்டுவண்டியில் உரசியதற்கும் மாட்டைத்தான் திட்டினார். இந்த லட்சணத்தில் வைகுண்ட ஏகாதசிக்கு விடியற்காலையில் அடுத்த வீட்டுச் சந்திரம்மாளின் பிள்ளைகளையெல்லாம் ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்த நேரத்தில் காவேரிப் பாலம் முழுக்க ஜனம் நடந்து போகும். யா அல்லாஹ், நீதான் காப்பாற்ற வேண்டும்.

அதனால் உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அன்று நான் அந்த விளக்கை அணைக்கவில்லை. அணைத்திருந்தால் காலையில் வண்டி கிளம்பியிருக்கும், அவரும் கிளம்பியிருப்பார். அவர் தப்பாமல் அணைத்துவிட்டு வருகிற நாளில் நானே பின்னால் போய்ப் போட்டுவிட்டு வருகிறேன். இப்போது அந்தப் பேட்டரியைக் குடிப்பது உன் அம்மாதான். பழி பிச்சமுத்து தலையில், பாவம் என் தலையில். இன்னும் எத்தனை நாளைக்கு இந்தத் திருட்டு வேலை செய்வேன், அலுத்துவிட்டது தம்பி, ரொம்ப அலுத்துவிட்டது. கண்ணைக் காட்டிய பிறகுதான் வண்டியைத் தொட வேண்டும் என்று நீ கண்டிப்பாக எழுது. நீ சொன்னால் கேட்பார். பிச்சமுத்துவைத் திரும்பக் கூப்பிடச் சொல்லியும் எழுது. நான் சொன்னேன் என்று மட்டும் எழுதிவிடாதே, அவர் மனசு தாங்காது.

நீ வேளைக்குச் சாப்பிடு, மழையில் அலையாதே. இந்தத் தபால் கிடைத்த அன்றே பதில் போடு, ஏகாதசிக்கு முன்னால் வந்து சேர வேண்டும். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தந்து, உன் முகத்தை எங்கள் கண்ணால் பார்க்கிற நாளையும் தருவானாக, ஆமீன்.

அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். என்ன இவ்வளவு நீளமா எழுதுறே என்றார், ஊர்க்கதை என்றேன். நானும் ஒரு கையெழுத்துப் போடறேன், குடு என்று பேனாவை வாங்கினார். அடியில் இத்தனை இடம் காலியாகக் கிடக்க, நான் எழுதிய துஆவின் மேலேயே போட்டுவிட்டார். சரியா இருக்கா என்று கேட்டார். நல்லா இருக்குங்க என்று சொல்லிவிட்டேன். மேலே எழுத்தின்மேல் எழுத்தாகக் கிடப்பது உன் அத்தாவின் கையெழுத்துதான், நான் வேறு தாளில் மாற்றி எழுதவில்லை, அப்படியே அனுப்புகிறேன்.

உன் அம்மா
சாரா பீவி