நிழல் விழும் பக்கம்

நாள் 212, 09:20

வழக்கமான பதிவு. நிலவின் தென்துருவ நிலையம். எழுதுபவர் மரகதவல்லி, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை. இங்கிருந்து பூமியின் பள்ளிகளுக்குப் பாடம் நடத்துவது என் வேலை. இன்று எட்டாம் வகுப்புக்கு ஒளி எதிரொளிப்பு.

சூரியன் அடிவானத்துக்கு இரண்டு டிகிரி மேலே. இங்கே அது அதற்கு மேல் ஏறுவதில்லை. எப்போதும் கண்ணுக்கு நேரே நிற்கும்.

வண்டியைச் சரிபார்த்தேன். பேட்டரி 94. முன்கண்ணாடியில் விழும் ஹெட்-அப் டிஸ்பிளே மட்டும் மங்கல். விருதுநகரில் என் காரிலும் இதே தொல்லை உண்டு. ராஜபாளையம் சாலையில் மாலை வெயில் எதிரே வந்தால் கண்ணாடியில் தெரியும் வேக எண் கரைந்துபோகும். எண் அழிவதில்லை. கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று ரகசியம் சொன்னால் எப்படியோ, அப்படி.

11:05

அமல்தாஸ் அழைத்தான். தூத்துக்குடிக்காரன். துளையிடும் இயந்திரங்களின் மெக்கானிக். ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, மண் போர்த்திய சிறு கூடத்தில் தனியாக இருக்கிறான்.

“டீச்சர், கதவு மேல மண்ணு சரிஞ்சு கெடக்கு. தள்ளினா அசைய மாட்டேங்கு. ஆக்சிஜன் மிஷினும் படுத்துட்டு. இருக்கத வச்சி ரெண்டரை வரைக்கும் ஓட்டலாம். அதுக்குள்ள வந்துருவியளா? வரும்போது ஒரு டீயும் கொண்டாங்க.”

நிலையத்தின் மற்ற நால்வரும் பெரும்பள்ளத்தின் மறுகரையில். அவர்கள் திரும்ப இரண்டு நாள் ஆகும். இரண்டு சிலிண்டர்களை ஏற்றிவிட்டேன். கூடத்தின் வெளிவால்வில் மாட்டினால் போதும். புறப்படுகிறேன்.

12:00

கூடம் இருப்பது சூரியன் நிற்கும் திசையில். எதிரே வெள்ளைச் சுவர் எழுப்பியதுபோல் வெயில். டிஸ்பிளேயில் கூடத்தைக் காட்டும் பச்சை அம்பு, தூரம், வேகம் எதுவுமே தெரியவில்லை. தரை தட்டை என்பதால் ஊர்ந்து போகிறேன்.

டேஷ்போர்டில் டிஸ்பிளே வரும் திறப்பின் மேல் ஒரு வடிகட்டித் தாள் ஒட்டியிருக்கிறது. அதை உரித்தால் படம் பளிச்சென்று வரும். உரித்துவிட்டேன்.

12:25

போதவில்லை. அதனால் வண்டியையே திருப்பிவிட்டேன். இப்போது சூரியன் முதுகுக்குப் பின்னால். ரிவர்ஸில் போகிறேன். என் வண்டியின் நிழல் எதிரே நூறு அடிக்கு மேல் நீண்டு கிடக்கிறது. அதை நடுவில் வைத்துக்கொண்டால் பாதை நேர். டிஸ்பிளேயும் தெளிவு. அம்பு பின்பக்கம் காட்டுகிறது, 4.8 கிலோமீட்டர்.

அமல்தாஸிடம் சொன்னேன். “என் உசுரக் காப்பாத்த பின்னாடி நடந்து வர்ற மொத ஆளு நீங்கதான் டீச்சர்,” என்றான்.

12:50

பிளாஸ்டிக் தீயும் வாடை. டிஸ்பிளே போய்விட்டது.

காரணம் எனக்குத் தெரியும். அதுதான் வெட்கம். படம் உள்ளே இருக்கும் குழியாடியில் பட்டு, கண்ணாடியில் பட்டு, என் கண்ணுக்கு வருகிறது. பின்கண்ணாடி வழியே என் தலைக்குப் பின்னாலிருந்து வரும் வெயில் அதே பாதையில் திரும்பி உள்ளே போகும். குழியாடி அதைக் குவிக்கும். பூதக்கண்ணாடியால் காகிதம் எரிக்கிறோமே, அதேதான். வெப்பத்தைத் தடுக்க ஒட்டியிருந்த தாளை உரித்தவள் நான். ஒளி வந்த வழியே திரும்பும் என்று முப்பத்துமூன்று வருடம் கரும்பலகையில் எழுதியவளும் நான்.

அம்பு இல்லை. தூரம் இல்லை. வேகமும் அதில்தான் இருந்தது. நிழல் மட்டும் இருக்கிறது. மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகம் என்று ஒரு கணிப்பு. அப்படியென்றால் இரண்டு மணி வாக்கில் சேர்வேன்.

13:18

“டீச்சர், வந்துட்டியளா? ஜன்னல்ல நிழல் ஒண்ணு விழுந்துச்சு. இப்ப நழுவிப் போகுது. வெயில்ல வண்டி தெரியல.”

அவன் குரல் தடித்திருக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் மூளை இல்லாததைக் காட்டும். பொறுமையாக விளக்கினேன். சூரியன் உனக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஒரு விளக்கு, நீ, நான் என்று நினைத்துக்கொள். என் நிழல் விளக்குக்கு எதிர்ப்பக்கம் போகும். உன் மேல் விழ வழியே இல்லை. பேசாமல் படுத்துக்கொள், மூச்சை மிச்சம்பிடி.

அவன் இழுத்துச் சொன்னான்: “நீங்க சொன்னா சரிதான் டீச்சர்.”

13:40

நிழல் நேராக இருக்கிறது. வெயில் பின்னாலிருந்து அடிப்பதால் எதிரே தரை முழுக்க ஒரே வெளுப்பு. மேடு எது, பள்ளம் எது என்று பிரிக்க முடியவில்லை. அவன் கூடமும் ஒரு மண்மேடுதான். அருகில் போனால் தெரியாமலா போகும்.

அழைத்தேன். “ம்” என்றான்.

14:01

சக்கரத் தடங்கள்.

ரிவர்ஸில் போவதால் வந்த வழி முழுக்க என் எதிரே கிடக்கிறது. புறப்பட்டதிலிருந்து என் தடத்துக்குப் பக்கத்தில் அமல்தாஸ் வண்டியின் பழைய தடம் இருந்தது. இப்போது இல்லை. என் தடம் மட்டும். இந்த மண்ணில் என்னைத் தவிர யாரும் வந்ததில்லை.

அவனைத் தாண்டிவிட்டேன். நான் கணித்த வேகம் தப்பு. அவன் ஜன்னல் இருப்பது சூரியனைப் பார்த்த பக்கம். தாண்டியபின் என் நிழல் அதில்தான் விழுந்திருக்கும். அவன் கண்டதைச் சொன்னான். விடை சரி. நான் திருத்தியது தப்பு.

முன்னோக்கி ஓட்டுகிறேன். முழு வேகம்.

14:12

அவன் பழைய தடம் மீண்டும் தொடங்கும் இடத்தைத் தேடுகிறேன். அங்கேதான் கூடம்.

“அமல்தாஸ், நீ சொன்னதுதான் சரி. நான் தப்பு. கேட்கிறதா?”

மூச்சுச் சத்தம் மட்டும். இருக்கிறது.

14:21

அழைத்தேன். மூச்சுச் சத்தமும் கேட்கவில்லை. மைக்கை விட்டுத் தள்ளிப் படுத்திருப்பான். நான்தானே படுக்கச் சொன்னேன்.

14:27

பழைய தடம். மேடு. ஜன்னலின் பளபளப்பு.

சிலிண்டர் மடியில். நிழலின் நுனி எனக்கு முன்னால் போய் மேட்டில் ஏறுகிறது. ஜன்னலைத் தொட்டுவிட்டது.

அமல்தாஸ், உன் ஜன்னலில் நிழல் விழுந்திருக்கிறது. நான்தான். எழுந்து பார்த்துச் சொல். விழுகிறதா இல்லையா, நீ சொல்.